நடுவரை மட்டும் பார்க்க வேண்டியவர்

கூடைப்பந்து நடுவர்களைத் திட்டுவதில் எனக்கு நிகராக இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒருமுறை நான் போட்ட சத்தத்தில் ஒரு நடுவர் விசிலை விழுங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மூச்சு விடும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து விசில் அடித்தது. வீட்டில் அவர் கொட்டாவி விட்டால், தெருவில் விளையாடும் பிள்ளைகள் பந்தைக் கீழே வைத்துவிட்டு ‘என்ன ஃபவுல்?’ என்று கேட்டார்கள். சரி, இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது. விழுங்கவில்லை. வாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். அதுகூட என் சத்தத்திலா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளின் சத்தத்திலா என்பது இன்னும் தீராத வழக்கு.

ஆனால் நான் எழுத வந்தது, நடுவரை ஒரு வார்த்தைகூடத் திட்டாத ஒரே ஒரு ரசிகரைப் பற்றி. நான் மாமியார், அவர் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதனால் ஊரில் அவருக்கு லிஃப்ட்டு என்றே பெயர். உயரமான கட்டடங்களின் உச்சியில், மொட்டைமாடிக்கும் மேலே ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே மோட்டார், பெரிய சக்கரம், அதன் மேல் ஓடும் எஃகுக் கயிறுகள், எப்போதும் ஒரு கிரீஸ் வாடை. அவருடைய பாதி நாள் அங்கே கழியும். மீதிப் பாதி அடித்தளத்துக் குழியில், தலைக்கு மேலே தொங்கும் பெட்டியின் அடிவயிற்றை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு. யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பதும் அவர் வேலைதான். மற்ற மெக்கானிக்குகள் ‘ஒண்ணும் ஆகாது, இதோ ஆச்சு’ என்பார்கள். இவர் வாயில் அது வராது. ஒரு மருத்துவமனை லிஃப்ட்டில் ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கேட்டாளாம்:

“தம்பி, கயிறு அறுந்துடுமா?”

“இன்னைக்கு அறாதும்மா.”

“இன்னைக்குன்னா? அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு நீங்க உள்ள இருக்க மாட்டீங்க.”

வெளியே வந்ததும் அந்த அம்மாள் நன்றி சொன்னாளா, அடிக்க வந்தாளா என்பது கதை சொல்கிறவரைப் பொறுத்தது. நான் சொல்லும்போது கைப்பையால் ஒன்று போட்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். “சாப்பாடு எப்படிங்க இருக்கு?” என்று என் மகள் கேட்டால், ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்துக்காக எத்தனை நாள் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது! என் மகளோ பேருந்துப் பணிமனையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்கிறவள். பதினாறு வழித்தடங்களையும் ஒரே மூச்சில் சொல்லும் தொண்டை அது. இப்படி ஒருத்திக்கு அப்படி ஒருவர். ஜாடிக்கேற்ற மூடி என்று சொல்ல முடியாது. இந்த ஜாடி வேறு, அந்த மூடி வேறு. ஆனாலும் எப்படியோ பொருந்திவிட்டது.

எங்கள் அணி பேருந்துப் பணிமனை அணி. எதிரிகள், துறைமுகத்துச் சரக்குக் கிடங்கு அணி. சாதாரண லீக் ஆட்டங்களில் ஓரளவுக்கு மனிதர்களாக நடந்துகொள்வோம். பட்டத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் வந்துவிட்டால் போச்சு. அரங்கில் ஒரே பக்கம்தான் படிக்கட்டு இருக்கைகள். எதிர்ப்பக்கம் வெறும் சுவர். ஆகவே இரண்டு கூட்டமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார வேண்டும், நடுவில் ஒரு கயிறு. நம் ஆள் மீது விசில் அடித்தால் நடுவர் விலைபோனவர். அவர்கள் ஆள் மீது அடித்தால், “இவ்வளவு நேரம் தூங்கிட்டா இருந்தே?” கயிற்றுக்கு அந்தப் பக்கமும் அப்படியே. ஒரு வருடம் அரையிறுதியில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில், ஒரே நடுவரை, எதிர் அணிக்கு விலைபோய்விட்டார் என்று சொல்லி அடிக்கப் பாய்ந்தது. இரண்டு பக்கமும் விலைபோன அந்த மனிதர், கிழிந்த காலணியோடு பின்வாசல் வழியாக ஓடினார்.

அந்த வருடம் பட்டம் யாருக்கும் தரப்படவில்லை. அடுத்த வருடம்தான் கூடைப்பந்துக் கழகச் செயலாளர் ஓர் ஏற்பாடு கொண்டு வந்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நடுவர்களுக்கு இலவசக் கண்ணாடி கேட்டு ரசிகர்கள் அவர் கடை வாசலில் நின்று நின்று, அவருக்கு வெறுத்துப் போயிருந்தது. அவர் சொன்னது இதுதான்: பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஒவ்வொரு தரப்பும் தன்னுடைய ஓர் ஆளை எதிர்த்தரப்புக் கூட்டத்தின் நடுவே அனுப்ப வேண்டும். அவருக்குச் சாட்சி என்று பெயர். சாட்சி ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பந்தைப் பார்க்கக் கூடாது. தொடக்க விசில் முதல் கடைசி விசில் வரை நடுவரை மட்டுமே பார்க்க வேண்டும். பந்தைப் பார்க்கிறவனுக்குப் பக்கம் வந்துவிடும் என்பது அவர் வாதம். நடுவர் யாரைப் பார்த்துவிட்டு ஊதுகிறார், யார் கத்தியதும் கையைத் தூக்குகிறார், எங்கே தயங்குகிறார், இதெல்லாம் சாட்சியின் கவனத்தில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் இரண்டு சாட்சிகளும் மைய வட்டத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். நடுவர் நடந்தது நியாயமா, இல்லையா என்று செயலாளர் கேட்பார். இருவரும் நியாயமில்லை என்று சொன்னால் ஆட்டம் மறுபடி நடக்கும். அந்த நடுவரை இனி எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். ஒருவர் மட்டும் சொன்னால் நடுவர் தீர்ப்பே நிற்கும். பார்வையை நடுவரிடமிருந்து எடுத்த சாட்சி, சாட்சி இல்லை. எழுந்து போக வேண்டியதுதான்.

கிடங்குத் தரப்பு தன் சாட்சியாகப் பல் டாக்டரம்மாவை அனுப்பியது. நல்ல யோசனை. அந்த அம்மாளிடம் யாரும் வம்பு வளர்க்க மாட்டார்கள். என்றைக்காவது ஒருநாள் அந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு சாய வேண்டியவர்கள்தானே எல்லோரும். எங்கள் தரப்பில் அத்தனை பேரும் லிஃப்ட்டின் பக்கம் கையைக் காட்டினார்கள். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதற்காக மட்டும் இல்லை. கத்தத் தெரியாத ஒரு மனிதர் நம் பக்கத்தில் ஒரு நல்ல இருக்கையை அடைத்துக்கொண்டிருப்பானேன் என்பதும் சேர்ந்துதான்.

அன்று தொடங்கி ஒவ்வொரு பிளே-ஆஃபிலும் மாப்பிள்ளை எதிரிக் கூட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்தார். அவர்கள் அவர் காதருகே மேளம் அடித்தார்கள், முதுகுக்குப் பின்னால் கடலைத் தோலை ஊதினார்கள், போகப்போகக் கடலையிலும் பங்கு கொடுத்தார்கள். அவர் மட்டும் நடுவரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கும். இவர் தலை மட்டும் நடுவர் போகும் திசையில் மெல்லத் திரும்பும். நிலாவைப் பார்க்க வந்த கூட்டத்தில் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்போல் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் மகனிடம் கதை கேட்பார். என் மகன்தான் பணிமனை அணியின் நெட்டை. பேருந்து ஓட்டுகிறவன். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். “மச்சான், நீ மூலைலேருந்து போட்டியாமே, அது எப்படிப் போச்சு?” என்று மாப்பிள்ளை கேட்பார். அவனும் தட்டில் கையை வைத்துக்கொண்டே, உப்பு ஜாடியை வளையமாக்கி, ஒவ்வொன்றாகச் சொல்வான். சொந்த மச்சான் ஆடும் ஆட்டத்தை, அரங்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வாய்வழியாகக் கேட்டுக்கொண்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போன இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். நெட்டையின் வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள், இல்லையென்றால் பேருந்துகூட ஓட்ட முடியாது என்று எலும்பு டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். அத்தனை வருடம் ஆடியும் அவன் கையில் ஒரு கோப்பை வந்ததில்லை. மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்று முறையும் கிடங்கிடம் தோற்றவன். இது கடைசி. வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத பேச்சுதான் வீடு முழுக்க நிறைந்து கிடந்தது.

அன்று மதியம் உடைமாற்றும் அறையில் மாப்பிள்ளைதான் அவன் முழங்காலுக்குப் பட்டை சுற்றினார். கயிறு கட்டிப் பழகிய கை, கச்சிதமாக இருக்கும்.

“மாமா, இறுக்கமா இருக்கு.”

“இறுக்கமாத்தான் இருக்கணும்.”

“மாமா.”

“என்ன?”

“இன்னைக்கு ஒரு தடவையாவது என்னைப் பாருங்க மாமா. நான் ஆடி நீங்க பார்த்ததே இல்ல.”

“அடுத்த…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. பட்டையின் நுனியைச் செருகிவிட்டு எழுந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பகைவர்கள் நடுவே உட்கார்ந்தார். பல் டாக்டரம்மா எங்களிடம் வந்து, எனக்கும் என் மகளுக்கும் முன்வரிசையில் அமர்ந்தாள்.

முதன்மை நடுவர், பேக்கரிக்காரர். அமைதியான மனிதர். அவர் அடுமனை ரொட்டியைத்தான் இரண்டு தரப்பும் தின்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் எங்கள் தரப்பு அவர் ரொட்டியையும் சேர்த்துத் திட்டத் தொடங்கியது. முதல் பாதியில் எங்கள் ஆட்கள் மீது அடுக்கடுக்காக விசில்.

“ஏன்யா, மாவு கண்ணுல விழுந்துடுச்சா?” என்று என் மகள்.

“தொட்டாலே ஃபவுலா? மூச்சு விட்டா என்ன, ஜெயில்லயா போடுவே?” என்று பின்வரிசையிலிருந்து பணிமனை டயர்க்காரர்.

“உங்க ஆளு தொடலைங்க, ஏறி உக்காந்தாரு!” என்று கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

“ஏறி உக்கார அது என்ன பஸ்ஸா?”

“பஸ்ஸா இருந்தாத்தான் நிறுத்தத்துல நிக்காமப் போயிருக்குமே!”

இந்தப் பதிலுக்கு எங்கள் பக்கத்திலும் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர்களை என் மகள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டாம் பாதியில் நெட்டை எழுந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினான். ஆனால் கை மட்டும் பழைய கை. மூலையிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, விழுந்துகொண்டே ஒன்று. இடைவெளி குறைந்தது. இப்போது விசில் அந்தப் பக்கத்து ஆட்கள் மீது விழ, பேக்கரிக்காரரை அவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அவர் திடீரென்று நல்ல மனிதராகிவிட்டார். ஆட்டம் முடிய ஒரு மூச்சு நேரம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்களுடையது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பல் டாக்டரம்மா மட்டும் நடுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பந்து ஓரக்கோட்டிலிருந்து உள்ளே வந்தது. ஒரு கை, இன்னொரு கை, அப்புறம் நெட்டை. “நெட்டே! நெட்டே!” என்று அரங்கு இடிந்தது. அவன் எதிரே கிடங்கின் பெரிய ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றான். நெட்டை கெட்ட காலை ஊன்றி எழும்பினான். நேரம் முடிந்ததைச் சொல்லும் சங்கு அலறியது. பந்து காற்றில் போய், பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

நாங்கள் கத்திய கத்தலை எழுதிக் காட்ட எழுத்து கிடையாது. ஆனால் பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே வீசிக்கொண்டிருந்தார். செல்லாது. சங்கு ஒலித்தபோது பந்து இன்னும் கையில் இருந்தது என்பது அவர் தீர்ப்பு.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் எங்களுக்குத்தான் கேவலம். கயிறு அறுந்தது. மேளக்குச்சி ஒன்று பறந்தது. கைபேசியில் படம் பிடித்தவர்கள் ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். எல்லாப் படத்திலும் முன்னால் எழுந்து நின்றவர்களின் முதுகுதான் இருந்தது. என் மகன் விழுந்த இடத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேக்கரிக்காரர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. கண்ணாடிக்கடைச் செயலாளர் ஒரு நாற்காலி மேல் ஏறி, “உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! சாட்சி வரட்டும்!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

உட்கார்ந்தோம். கிடங்குக்காரர்கள் முகத்தில் கவலையே இல்லை. இருவரும் நியாயமில்லை என்றால்தானே மறு ஆட்டம்? அவர்கள் சாட்சி எதற்கு அப்படிச் சொல்லப்போகிறாள்?

மைய வட்டத்தில் இருவரும் முதுகோடு முதுகு நின்றார்கள். டாக்டரம்மா குள்ளம், அவள் தலை மாப்பிள்ளையின் தோளுக்கு எட்டவில்லை. முதல் கேள்வி அவளுக்கு.

“டாக்டரம்மா, நடுவர் நடந்தது நியாயமா, இல்லையா?”

“நியாயமில்லை.”

கிடங்குக்காரர்களால் தங்கள் காதையே நம்ப முடியவில்லை. டாக்டரம்மா தன் கூட்டத்தை நேராகப் பார்த்தே சொன்னாள்: “சங்கு ஊதினப்ப இவர் கை தூக்கலை. பந்து உள்ள விழுந்துச்சா இல்லையான்னு பார்த்துட்டு அப்புறம்தான் தூக்கினார். செல்லாதுன்னா அப்பவே தூக்கியிருக்கணும். எங்க ஆளுங்க ஜெயிச்சது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நீங்க கேட்டது அதை இல்ல.”

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு திரும்பியது. இனி என்ன? எதிரியின் சாட்சியே சொல்லிவிட்டாள். நம் சாட்சி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டம் மறுபடி உண்டு, நெட்டைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. டயர்க்காரர் மேளத்தைத் தூக்கி மடியில் வைத்துத் தயாராகிவிட்டார். என் மகள் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலுக்குள் இறங்கியது.

“லிஃப்ட்டு, நீங்க சொல்லுங்க. நியாயமா, இல்லையா?”

மாப்பிள்ளை காலடியில் இருந்த வட்டக்கோட்டைப் பார்த்தார்.

“கேள்வி கேட்டுச்சாங்க?”

“கேட்டுச்சு.”

“அப்ப சொல்லுங்க.”

சாப்பாடு எப்படி என்று கேட்டால் யோசிப்பாரே, அந்த யோசனை. என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒலிபெருக்கித் தொண்டையை ஊசிபோல் மெல்லியதாக்கி, “சொல்லுங்க… சொல்லுங்க…” என்றாள். தரையில் உட்கார்ந்திருந்த என் மகன் தலையைத் தூக்கி அவரையே பார்த்தான். பேக்கரிக்காரரும் பார்த்தார். அவருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வாழ்வு. சொன்னால் இனி அவர் கழுத்தில் விசில் தொங்காது.

மாப்பிள்ளை சொன்னார்: “நான் நடுவரைப் பார்க்கலை.”

“என்னது?”

“கடைசில. பந்து எங்க மச்சான் கைக்குப் போனதுலேருந்து சங்கு ஊதி முடியிற வரைக்கும். நான் நடுவரைப் பார்க்கலை.”

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. “யோவ், என்ன பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? இப்படிச் சொன்னா நீங்க சாட்சியே இல்ல. உங்க வார்த்தை கணக்கு இல்ல. ஆட்டம் முடிஞ்சது முடிஞ்சதுதான்.”

“தெரியும்.”

“நான் வேணும்னா இன்னொரு தடவை கேக்கறேன்.”

“கேட்டாலும் இதேதாங்க.”

முதுகை ஒட்டி நின்ற டாக்டரம்மா விதியையெல்லாம் தள்ளிவிட்டுச் சட்டென்று திரும்பினாள். “நாள் முழுக்க அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்றவ நான். இன்னைக்கு எங்க ஆளுங்க முன்னாடி என் வாயைத் திறந்திருக்கேன். நாளைக்கு என் கிளினிக்குல ஈ ஓட்டணும். அதை இப்படித் தூக்கிப் போட்டுட்டீங்களேய்யா!”

“நீங்க பார்த்தீங்க டாக்டர். சொன்னீங்க. நான் பார்க்கலையே.”

அப்போதுதான் கொடுமை நடந்தது. கிடங்குக்காரர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர், அப்புறம் வரிசை வரிசையாக, கடைசியில் எழுந்து நின்று. பகைவன் ஏசினால் பொறுத்துக்கொள்ளலாம். பெண்டாட்டியும் மாமியாரும் மச்சானும் பார்த்துக்கொண்டிருக்க, பகைவன் எழுந்து நின்று கைதட்டினால் ஒரு மனிதர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? எங்கள் பக்கத்தில் டயர்க்காரர் மேளத்தைக் கீழே உருட்டிவிட்டார். “கூடவே உக்காந்து கடலை தின்னான்ல? அவனுங்க ஆளாவே ஆயிட்டான்!” என்றார். என் மகள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த மேளத்தை அவர் தலையில் மாட்டியிருப்பாள்.

திரும்புவதற்குப் பணிமனை வண்டி வாசலில் நின்றது. எல்லோரும் ஏறினோம். மாப்பிள்ளை கடைசியாக வந்து படியில் ஒரு காலை வைத்தார். ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் ‘ஏறுங்க’ என்றும் சொல்லவில்லை. நிறைந்த வண்டியில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. மாப்பிள்ளை காலைக் கீழே எடுத்துவிட்டு, “நீங்க போங்க, நடந்து வரேன்” என்றார். என் மகள் ஜன்னலுக்கு வெளியே, எதிர்த்திசையில், ஒரு குப்பைத்தொட்டியை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது தெருவில் விளக்குப் போடும் நேரம். நெட்டை சோபாவில் சாய்ந்து, முழங்காலில் ஐஸ் பையை வைத்திருந்தான். என் மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை காலணியைக் கழற்றி வைத்த ஓசை கேட்டதும் கையைத் துடைக்காமலே வெளியே வந்தாள்.

“நடுவரைப் பார்க்கலை. சரி. அப்ப பந்தைத்தானே பார்த்தீங்க?”

மாப்பிள்ளை காலணிகளை ஓரமாகச் சேர்த்து வைத்தார்.

“கேக்கறேன்ல? சங்கு ஊதினப்ப பந்து கைல இருந்துச்சா, போயிடுச்சா?”

“அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது? இது என்ன கோர்ட்டா? நான் என்ன செயலாளரா? நம்ம வீடுங்க இது! நான் கேக்கறேன், சொல்லுங்க!”

“சொல்ல முடியாதும்மா.”

“ஒரு வார்த்தை. ‘நியாயமில்லை’. அந்தப் பொம்பளை சொன்னா. எதிராளி! அவளுக்கு என்ன தலையெழுத்து? அவ சொன்னதை அப்படியே நீங்களும் சொல்லியிருந்தா என் தம்பிக்கு இன்னொரு ஆட்டம் கிடைச்சிருக்கும். யாருக்குத் தெரியப் போகுது நீங்க எதைப் பார்த்தீங்கன்னு?”

“எனக்குத் தெரியுமே.”

“உங்களுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்! ஆயுசு முழுக்க உங்களுக்குத் தெரியறதும், நீங்க யோசிக்கறதும், நாங்க காத்துக் கிடக்கறதும்… இவன் முட்டியைப் பார்த்தீங்களா? பாருங்க! இதையாவது பாருங்க!”

அவள் குரல் உடைந்தது. பதினாறு வழித்தடத்துக்கும் உடையாத குரல். நான் எழுந்து நடுவில் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் சோபாவிலிருந்து நெட்டை கத்தினான்.

“விடுக்கா!”

“நீ சும்மா இருடா. உனக்காகத்தான்…”

“எனக்காகன்னா விடு. போட்டவன் நான். எனக்கே தெரியாது.”

“என்னடா தெரியாது?”

“கைல இருந்துச்சா போயிடுச்சான்னு. எனக்குச் சங்கே கேக்கலைக்கா. முட்டில ஒரு வலி வந்துச்சு, அவ்வளவுதான் தெரியும். இவங்க எல்லாரும் கத்தினதும் நானும் கையைத் தூக்கினேன். என் கைல இருந்த பந்தைப் பத்தி எனக்கே சொல்லத் தெரியலை. மாமாவை ஏன் போட்டு இந்தக் கிழி கிழிக்கிறே?”

ஐஸ் பையிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பில் இறங்கியதை மூவருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை போய் முக்காலியை இழுத்துப் போட்டு அவன் காலருகே உட்கார்ந்தார். ஈரப் பட்டையை மெல்ல அவிழ்த்தார். வேறு துணி எடுத்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டே, வழக்கமாகக் கேட்பதுபோல, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

“மச்சான், அது எப்படிப் போச்சு?”

நெட்டை அவரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டி மேசையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்தான். “பலகைல பட்டுச்சு மாமா. இந்த ஓரத்துல. ஒரு சுத்து சுத்துச்சு…” தான் கண்ணால் பார்த்ததையே அவனைச் சொல்லச் சொல்லி, தோற்றவன் மனத்தை ஆற்றத் தெரிந்த மனிதர் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். என் மகள் வாசற்படியில் நின்று கேட்டாள். ‘ஒரு சுத்து’ என்ற இடத்தில், “ஒண்ணரை” என்று திருத்தினாள். அவள் பேசிவிட்டதால் நான் போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன்.

கோப்பை கிடங்குக்கே போனது. நெட்டை ஆட்டத்தை விட்டான், பேருந்தை விடவில்லை. பேக்கரிக்காரர் இன்றும் விசில் ஊதுகிறார், இரண்டு தரப்பும் இன்றும் அவர் ரொட்டியைத் தின்றுகொண்டே அவரைத் திட்டுகிறது. டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஒரு மாதம் ஈ ஓட்டியதும் உண்மைதான். அப்புறம் கிடங்குத் தலைவருக்கே கடைவாய்ப்பல் வலி வந்தது. எங்கள் சாட்சியாக இப்போது டயர்க்காரர் போகிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதியில் பந்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்.

மாப்பிள்ளை எங்கள் பக்கத்தில், என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். இப்போது அவர் பந்தைப் பார்க்கலாம், கத்தலாம், நடுவரைத் திட்டலாம். எதுவும் செய்வதில்லை. பழக்கதோஷத்தில் தலை மட்டும் நடுவர் பின்னாலேயே திரும்புகிறது. ஒரே ஒரு முறை, தன் மச்சானுக்காக, அந்தத் தலை பந்தின் பக்கம் திரும்பியது. திரும்பியதை ஊரறிய ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பந்து கையை விட்டது சங்குக்கு முன்னா, பின்னா என்பதை மட்டும் இன்றுவரை கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் முடித்துவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்த மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கடைசியில தப்பா எழுதியிருக்கே.”

“எதுடி தப்பு?”

“அவர் பந்தைப் பார்க்கலை.”

“பின்னே? நடுவரையும் பார்க்கலை, பந்தையும் பார்க்கலைன்னா எதைத்தான் பார்த்தார்?”

“எதையும் பார்க்கலை. ‘நெட்டே, நெட்டே’ன்னு கூட்டம் கத்தினதுமே பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாராம். எங்கிட்ட அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாரு.”